அம்மாவும் சத்தியம் செய்ய வேண்டும்

22 ஜூலை 1996, திங்கள்

காலையில் தண்ணீர் லாரிக்காக நின்றதில் முதல் பீரியட் தவறிவிட்டது. ஹெச்.எம். கூப்பிட்டபோது அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லை. "நீரஜா, மறுபடி ஆரம்பிச்ச ஒலிம்பிக்ஸுக்கு இது நூறாவது வருஷம். டிவியில அட்லாண்டா பாக்கறீங்கல்ல? நம்ம ஸ்போர்ட்ஸ் டேயில அந்தப் பழைய கிரீஸைக் கொண்டுவந்துடுங்க" என்றார். பாண்டி பஜாருக்குப் போய் ரிப்பன் வாங்கி வரச் சொல்வது போல.

நான் நடத்துவது சோழர்களும் பானிபட்டும். சரித்திர டீச்சர் என்றால் எல்லா ஊர்ச் சரித்திரமும் என் தலையில்தான் போல. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இல்லை என்று சொல்வதற்கு அதைவிடத் தெம்பு வேண்டும்.

28 ஜூலை, ஞாயிறு

கன்னிமாரா நூலகத்தில் மூன்று மணி நேரம். மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கவில்லை.

படித்ததைக் குறித்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். பதிவில் உள்ள முதல் வெற்றி கி.மு. 776. ஜெயித்தவன் ஒரு சமையற்காரன், கொரோய்போஸ். (இது ஹெச்.எம்.முக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது.) முதல் பதிமூன்று தடவை ஒரே போட்டிதான் — சுமார் இருநூறு மீட்டர் ஓட்டம். இரண்டாவது பரிசு என்று ஒன்று கிடையாது. ஜெயித்தவனுக்கு ஒலிவக் கிளையில் ஒரு வளையம், மற்றவர்களுக்கு வீட்டுக்கு வழி. கல்யாணமான பெண்கள் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது, பார்த்தால் மலையிலிருந்து தள்ளிவிடுவார்களாம். ஒரே ஒரு பெண் பூசாரிக்கு மட்டும் உள்ளே இடம் உண்டு.

ஆனால் கன்னிப் பெண்களுக்கென்று ஹீரா தேவிக்குத் தனி விழா இருந்திருக்கிறது. முடியை அவிழ்த்துவிட்டு, வலது தோள் தெரிய ஓடுவார்களாம். வயதுப்படி மூன்று பிரிவுகள். முதலில் சின்னவர்கள், பிறகு நடுவில் உள்ளவர்கள், கடைசியில் பெரியவர்கள். மதுவிடம் சொன்னேன். "முடியை அவுத்துண்டு ஓடினா கண்ணுல விழாதோ?" என்றாள். என் பெண்ணுக்கு எல்லாமே ஓட்டம்தான்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

சத்தியப் பிரமாணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு கையிலும் இடியை ஏந்தி நிற்கும், அவர்கள் தலைமைத் தெய்வம் ஜீயஸின் சிலை. அதன் முன்னால் பன்றி இறைச்சித் துண்டுகளின்மேல் சத்தியம். ஓடுகிறவன் மட்டும் இல்லை. அவன் அப்பா, அண்ணன் தம்பிகள், பயிற்சி கொடுத்தவன், எல்லோரும் செய்ய வேண்டும். சிறுவர் பிரிவுக்கு வயதைப் பார்த்துத் தீர்மானிக்கிறவர்களும் தனியாகச் சத்தியம் செய்வார்கள், லஞ்சம் வாங்காமல் சொல்வோம் என்று. சர்டிபிகேட் ஏது அப்போது? ஆளைப் பார்த்துத்தான்.

அப்பாவும் சத்தியம் செய்ய வேண்டும் என்பது எவ்வளவு சரி! ஸ்போர்ட்ஸ் டேயில் பெற்றோரையும் மைதானத்தில் நிறுத்திச் சொல்லவைக்கலாம். உடனே வாசகமும் எழுதிவிட்டேன்: 'என் மகளைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது அனைத்தும் உண்மை.'

6 ஆகஸ்ட், செவ்வாய்

யோசனையைக் கேட்டு ஹெச்.எம். உற்சாகத்தில் குதித்தார். பி.டி. டீச்சர் ஸஹானாதான், "பன்னிக்கு என்ன மேடம் பண்றது?" என்று கேட்டாள். குத்துவிளக்கு போதும் என்று முடிவாயிற்று. ஜூனியர் கேப்டன் மது உறுதிமொழியைப் படிப்பாள், பக்கத்தில் அம்மா நான். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு நாற்பது நோட்டு பாக்கி திருத்த.

21 ஆகஸ்ட், புதன்

மண்டலப் போட்டி. பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான நூறு மீட்டரில் மது முதல். 13.1 செகண்ட். முதலில் வருகிறவள் மட்டும்தான் மாநிலப் போட்டிக்குப் போவாள். ஸஹானா அவளைத் தூக்கிச் சுற்றினாள். நானும் கத்தினேன், தொண்டை கட்டிவிட்டது.

இரண்டாவது வந்த ஃபிசா ஒரு சாண் பின்னால்தான். அவள் அம்மா குல்சும் என் பக்கத்தில்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ரவிக்கை தைக்கிறாளாம், மெஷினை மூடிவிட்டு வந்திருக்கிறாள். முகம் விழுந்துவிட்டது, ஆனாலும் என்னிடம், "உங்க பொண்ணு சூப்பரா ஓடுதும்மா" என்றாள். பிறகு, "எம் பொண்ணுக்கு இதான் கடைசி சான்ஸ். அடுத்த வருசம் வயசு தாண்டிப்பூடும். உங்களுதுக்கு இன்னா வயசு?"

"பதிமூணு" என்றேன்.

பஸ்ஸில் பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

22 ஆகஸ்ட், வியாழன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

மது பிறந்தது 1982 பிப்ரவரி. அஞ்சு வயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்கிற குழந்தைக் காசம் வந்து ஒரு வருஷம் படிப்பு போயிற்று. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, மற்றக் குழந்தைகளைவிடப் பெரியவளாகத் தெரிய வேண்டாம் என்று, நான்தான் 1983 என்று எழுதிக் கொடுத்தேன். வெள்ளைத்தாளில் எழுதினால் போதும் அப்போதெல்லாம். இவர், "பின்னாடி உத்தியோகத்துக்கும் ஆகும், எழுது" என்றார். இவருக்கே ரிக்கார்டில் இரண்டு வயது கம்மி. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இரண்டு வயது உண்டு — ஆத்து வயசு, ஸ்கூல் வயசு. பண்டிகைக்கு ஒன்று, ஃபாரத்துக்கு ஒன்று. இதை யாரும் பொய் என்றே நினைத்ததில்லை. நானும்தான்.

ஓட்டத்துக்கு எந்த வயசு? கால் ஆத்து வயசில்தானே ஓடுகிறது.

1 செப்டம்பர், ஞாயிறு

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடிக்காமலே, "ஊர்ல பாதி கொழந்தைகள் இப்டித்தான் ஓடறது. நீ ஏன் அலட்டிக்கறே?" என்றார்.

அதானே. நான் ஏன் அலட்டிக்கறேன்.

6 செப்டம்பர், வெள்ளி

ஒத்திகை. 'எழுதிக் கொடுத்தது அனைத்தும் உண்மை' என்ற வரியை எடுத்துவிடலாமே, நீளமாக இருக்கிறது என்றேன். ஹெச்.எம். விடவில்லை. "அதுதானே மிஸ் உயிர் வரி!"

9 செப்டம்பர்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

14 செப்டம்பர், சனி

ஸ்போர்ட்ஸ் டே முடிந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள். பன்னிரண்டு அம்மா அப்பாக்கள் வெயிலில் வரிசையாக நின்றோம். குத்துவிளக்கு காற்றில் இரண்டு முறை அணைந்தது. மது மைக்கில் கணீரென்று படித்தாள். எங்கள் முறை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன், சத்தம் வரவில்லை. மேடையிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்காது. மது பக்கத்தில் நின்றாள், அவளுக்குத் தெரிந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஏமாற்றியவர்களிடம் வாங்கிய அபராதத்தில் அந்தக் காலத்தில் வெண்கலச் சிலை செய்து, மைதானத்துக்குப் போகும் வழியில், பேரும் எழுதி வைப்பார்களாம். ஓடப் போகிற ஒவ்வொருவனும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மைதானத்தில் வைத்த கண்காட்சி அட்டையில் நானே இதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அதன் முன்னால் நின்றுதான் ஹெச்.எம். என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.

15 செப்டம்பர், ஞாயிறு

மதுவிடம் சொல்லிவிட்டேன். காலை டிபனுக்கு அப்புறம், இவர் கோவிலுக்குப் போயிருந்தபோது.

முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. "ஸ்கூல் வயசுதானே கேட்டா? ஸ்கூல் வயசைத்தானே சொன்னேன்?" பிறகு புரிந்தது. முகம் அப்படியே சிவந்து — "நான் ஓடினது பொய்யா? நான்தானே ஓடினேன்? எழுதினது நீ! நீ எழுதிட்டு என்னை ஏன் நிறுத்தறே?"

ஃபிசாவுக்கு இதான் கடைசி வருஷம்டி, அவ அம்மாகிட்ட நான் பதிமூணுன்னு பொய் சொன்னேன்டி என்றேன். "அப்போ நீ போய் மன்னிப்பு கேளு. நான் ஏன்?" என்றாள். "அந்தப் புஸ்தகத்தை யார் உன்னைப் படிக்கச் சொன்னா?"

அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் தாங்கவில்லை.

17 செப்டம்பர், செவ்வாய்

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதான் அவ வயசு. கவர்மெண்டே ஒத்துக்குது. மாத்த நீங்க யாரு?"

"பெத்தவ மேடம்."

"பெத்தா போதுமா? சர்டிபிகேட் வேணாமா?"

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. மது எடுத்த புள்ளிகள் போனால் இருபது வருஷத்தில் முதல்முறையாக வந்த மண்டலக் கோப்பையும் போய்விடும், யோசித்துச் செய்யுங்கள் என்றார். வெளியே ஸஹானா நின்றிருந்தாள். அவளுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். ரெண்டு வருஷமா அவளும் கூட ஓடினாளே.

20 செப்டம்பர், வெள்ளி

உண்மையான வயதை எழுதிய கடிதத்தோடு போட்டியை நடத்துகிறவர்களின் அலுவலகம் போனேன். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். "எதுக்கு மேடம் லெட்டரெல்லாம்? ஜுரம்னு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துடுங்க. ரெண்டாவது வந்த பொண்ணு தானா போயிடும். கோப்பையும் ஸ்கூல்லயே இருக்கும். யாருக்கும் தலைவலி இல்ல."

எவ்வளவு சுலபம்! கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

இவரும் ஜுரமே மேல் என்கிறார். லஸ் கார்னரில் இருக்கும் டாக்டர் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார். நானும் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனேன்.

பொய்யை எடுக்க இன்னொரு பொய். ஃபாரத்தில் வயசு பொய், இனிமேல் ஜுரமும் பொய். இந்தப் பெண்ணைப் பற்றி நான் உண்மையாக ஒரு காகிதமாவது எழுதியிருக்கிறேனா? முடியலை. நிஜமாவே முடியலை, அசந்து போச்சு. இதற்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்ள இன்னொரு பொய் வேண்டாம். நல்லவள் என்பதால் இல்லை, அதற்குத் தெம்பில்லை. அதனால்தான்.

திரும்பி வந்துவிட்டேன்.

23 செப்டம்பர், திங்கள்

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த நல்ல மனிதர் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை — பாவம், அவருக்குத்தான் தலைவலி.

27 செப்டம்பர், வெள்ளி

மெமோ வந்தது. கோப்பை போயிற்று. ஸ்டாஃப் ரூமில் நான் உட்கார்ந்தால் பேச்சு நிற்கிறது. மதுவைக் கேப்டன் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். தப்பு செய்தது நான், பேட்ஜ் போனது அவளுக்கு. அவள் பேசி இன்றோடு பன்னிரண்டு நாள். 'சாதம்', 'போறும்' — இவ்வளவுதான்.

8 அக்டோபர், செவ்வாய்

மயிலாப்பூர் டாங்க் பஸ் ஸ்டாப்பில் குல்சும். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபிசா திருச்சிக்குப் போகிறாளாம், மாநிலப் போட்டிக்கு.

"நீங்களே எழுதிக் குடுத்தீங்களாமே. இன்னாத்துக்கு மேடம்? யாருக்கும் தெரியாதே."

"உங்க கிட்டே பதிமூணுன்னு சொன்னேன். பதினாலு."

"எனக்கு எங்க ஞாபகம் கீது அதெல்லாம்" என்றாள். பிறகு மெதுவாக, "உங்க பொண்ணு உங்ககூட பேசுதா?"

"இல்லை."

"பேசும். வாங்க, ஒரு டீ குடிக்கலாம்."

குடித்தோம். அதற்குள் 5B பஸ் இரண்டு போய்விட்டது. இந்த ஒரு மாதத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த முதல் ஆள்.

27 அக்டோபர், ஞாயிறு

திருச்சியில் நேற்று இறுதி ஓட்டம். ஸஹானா போன் செய்தாள், என்னிடம் இல்லை, மதுவிடம். மது போனை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஃபிசா நாலாவது. 13.5. ஜெயிச்சவ 13.3."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"நான் போயிருந்தா ஜெயிச்சிருப்பேன்."

யார் கண்டா, அன்னிக்கு எப்படியோ, காத்து எப்படியோ — சொல்ல எத்தனையோ இருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம். ஜெயிச்சிருப்பே" என்றேன்.

போய்விட்டாள். உள்ளே அழுவாள் என்று நினைத்தேன், எனக்கும் வந்தது. ஐந்து நிமிஷத்தில் ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தாள். டிசம்பரில் அடையாறில் ஏதோ ஒரு கிளப் நடத்தும் போட்டி, பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள். எல்லாம் அவளைவிடப் பெரிய பெண்கள், நீளக் கால்காரிகள். ஃபாரம் முழுக்க அவளே பூர்த்தி செய்திருந்தாள். வயது என்ற கட்டத்தில் 14, பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்தி.

"வயசை நானே எழுதிட்டேன். நீ ஒண்ணும் எழுத வேண்டாம். கையெழுத்து மட்டும் போடு."

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன்.