மெட்டு ஏறும் இடம்

மார்ச் 3

புது நோட்டு. எதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். கல்லூரியில் காலமெல்லாம் புள்ளியியல் நடத்தியவனுக்கு இந்தப் பழக்கம் போகாது.

1. மைத்துனன் எடுக்கும் பேய்ப் படம். வேலை நடக்கும் விதம்.
2. அதற்கு என் இசை. கதவைச் சாத்திக்கொண்டு இத்தனை காலம் ஆர்மோனியத்தில் வாசித்துவந்த, நானே போட்ட ஒரே மெட்டு. வெளியார் காதில் முதல்முறையாக விழப்போகிறது.
3. மனைவிக்குப் பாட்டில் காது கிடையாது. இசை பற்றி அவள் சொல்வது இங்கே இடம்பெறாது.
4. படம் கெட்டுப்போனால் அதற்கு இசை காரணமல்ல என்பதற்கான ஆதாரங்கள்.

நாலாவதை இப்போதே யோசிப்பது கோழைத்தனமோ? இருக்கட்டும்.

மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில் நாங்கள் இருவரும் பேச்சில்லாத பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்கள் பார்ப்போம். பின்னால் ஓர் ஆர்கன் முனகிக்கொண்டே இருக்கும். அதே மாதிரி ஒன்று எடுக்கவேண்டும் என்பது அவன் ஆசை. “ஆர்கனுக்கு எங்க போறது அத்தான்? உங்க பொட்டியே போதும். நீங்கதான் மியூசிக்” என்றான்.

அன்று எனக்குப் பசிக்கவே இல்லை.

மார்ச் 9

கீழ்வீட்டுப் பல் டாக்டரின் கிளினிக்கில் படப்பிடிப்பு. விடுமுறை நாள். கதை இதுதான்: செத்துப்போன மனைவி திரும்பி வருகிறாள். கணவன் பல் டாக்டர். கணவனாக அவரே. பேயாக என் மனைவி. முகத்தில் மைதா மாவு, உடம்பில் பழைய ஜன்னல் திரை. கேமராவை நகர்த்தியபடி எடுக்க ஒரு சக்கர நாற்காலி வாங்க வக்கில்லை. கிளினிக்கின் சுழல் நாற்காலியில் மைத்துனன் கேமராவோடு உட்கார, நான் பின்னாலிருந்து தள்ளினேன்.

“மெதுவா அத்தான்! நான் என்ன அரிசி மூட்டையா?”

எனக்கு இளைப்பு வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

மனைவி சிரிக்கச் சிரிக்க மாவு வெடித்து உதிர்ந்தது. “அக்கா, பேய் சிரிக்கக் கூடாது” என்றார் டாக்டர்.

“செத்தப்புறமாவது சிரிக்க விடுங்க டாக்டர்.”

எல்லோரும் சிரித்தார்கள். யாரைச் சொன்னாள்?

மார்ச் 10

என்னைத்தான்.

மார்ச் 17

ஒலிப்பதிவு. மைத்துனன் ஒரு சின்னக் கருவியை ஆர்மோனியத்தின் மேல் வைத்துவிட்டுப் போனான். சிவப்பு விளக்கு எரிந்தால் பதிவாகிறது என்று அர்த்தம். “தப்பு வந்தாலும் அணைக்காதீங்க. நீங்க பாட்டுக்கு வாசிங்க, வேணாததை நான் வெட்டிக்கறேன்.”

அணைக்கவில்லை. சொன்னால் சொன்னபடி செய்பவன் நான்.

மெட்டு மேலே ஏறும் இடத்தில் மோதிர விரல் தடுமாறுகிறது. எப்போதும் அங்கேதான். நிறுத்தி, இரண்டு சுரம் பின்னால் போய், மறுபடி ஏறுகிறேன். மறுபடி வழுக்குகிறது. துருத்தியை விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறேன். நாளெல்லாம் இதே கதை.

மனைவி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். கையாலேயே போகச் சொன்னேன்.

மார்ச் 22

வந்துவிட்டது! ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு பிசிறு இல்லை. ஏறும் இடத்தில் விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. முடித்ததும் அசையாமல் இருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மைத்துனன் வந்து கருவியை எடுத்துப்போனான்.

ஏப்ரல் 6

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிடும் அத்தான். திரையில பாருங்க” என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சந்தேக புத்தியா?

ஏப்ரல் 15

நேற்று குடியிருப்புச் சங்கத்தின் கூடத்தில் திரையிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் போர்வை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும்.

படம் ஆரம்பித்தது. இசை இல்லை. பிறகு வரும் என்று காத்திருந்தேன். திரையில் மனைவி கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். அப்போது ஒரு சத்தம். ஈரமாக, இழுத்து இழுத்து, ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது. நடுவில் ஒரு கிழட்டுக் குரல்: “இல்ல... இல்ல... மறுபடியும்...”

கூடத்தில் யாரோ வீறிட்டார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. நானும் பயந்தேன், அதுதான் வெட்கம். என்னவென்று எனக்கே தெரியவில்லை.

மனைவி இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “உங்க மூச்சுங்க இது.”

வாசித்ததற்கு நடுவே நான் இளைத்ததையும் புலம்பியதையும் மட்டும் வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறான். வாசித்தது ஒன்றுகூட இல்லை. கடைசியில் திரையில் பெருமையாக ஒரு வரி: ‘இந்தப் படத்தில் இசை கிடையாது.’

கைதட்டல் ஓயவில்லை.

ஏப்ரல் 16

போய்க் கேட்டேன். கேட்டேனா? வாசலில் நின்றேன், அவனே பேசினான்.

“உங்க மெட்டு நல்லாத்தான் இருக்கு அத்தான். அதான் பிரச்சினையே. அதைப் போட்டா ஜனங்க நிம்மதியா சாஞ்சு உக்காந்துக்கறாங்க. உங்க மூச்சு இருக்கே, அப்பப்பா! காசு குடுத்தாலும் கிடைக்காது.”

அந்தக் கடைசி வாசிப்பையாவது கொடு என்றேன்.

“அதுவா... கருவியில இடம் பத்தலைன்னு அழிச்சிட்டேனே. இன்னொரு தடவை வாசிச்சாப் போச்சு. மறுபடியும்!” என்று என் குரலிலேயே சொல்லிச் சிரித்தான்.

நான் என்ன சொன்னேன்? “சரிப்பா”ன்னேன். சரிப்பாவாம்! ஒரு வார்த்தை திட்ட வரலையே எனக்கு. படிச்சு என்னத்தக் கிழிச்சேன்? அவன் காபி குடுத்தான், அதையும் வாங்கிக் குடிச்சிட்டு வந்தேன்.

ஏப்ரல் 19

படியில் பல் டாக்டர்: “என்ன சார், மறுபடியும்?” சிரித்துவைத்தேன்.

ஏப்ரல் 27

வாசித்துப் பார்த்தேன். ஏறும் இடத்தில் விரல் வழுக்கியது. பெட்டியை மூடி மேலே துணி போட்டுவிட்டேன். நாலாவது குறிப்புக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. படமும் கெடவில்லை, இசையும் இல்லை.

மே 11

மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் செய்தித்தாளோடு இருந்தேன். அவள் ஏதோ முனகுவது கேட்டது. பாட்டில் காது கிடையாது என்று நான் எழுதிவைத்தவள்; சுருதி அவ்வளவு சுத்தம். காது கொடுத்துக் கேட்டேன். மெல்ல ஏறியது. ஏறும் இடத்தில் வழுக்கியது. நின்றது. இரண்டு சுரம் பின்னால் போனது. மறுபடி ஏறியது.

எழுந்து போய் வாசற்படியில் நின்றேன். “என்ன பாட்டு அது?”

“என்ன பாட்டா? உங்களோடதுதான். கதவைச் சாத்திக்கிட்டா கேக்காதுன்னு நெனச்சீங்களா?”

“நடுவுல நிக்குதே, அது தப்பு. நான் தடுமாறின இடம். அப்படி வராது.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “தப்பா? இத்தனை வருஷமா அப்படித்தானே போகுது?”

சரியாக வந்த ஒரே தடவை அழிந்துபோயிற்று. உலகத்தில் மிச்சமிருப்பது அவளிடம் இருப்பதுதான், என் பிழையோடு. திருத்தலாம் என்று வாய் திறந்தேன். அவள் அடுத்த சட்டையை விரித்து, அந்த இடத்துக்கு வந்து, நின்று, பின்னால் போய், ஏறினாள்.

நோட்டைப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போனேன். மூன்றாவது குறிப்பு தவறு.