பத்தேகாலுக்கு அணைந்த மோடம்

என்னங்க,

மோடம் பார்க்க வந்தவர் போய்விட்டார். லைனில் கோளாறே இல்லையாம். "செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு யாரோ மோடத்தை அணைச்சு, பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டிருக்காங்கக்கா" என்றார்.

என் ஆன்லைன் இன்டர்வியூ பாதியில் அறுந்தது அப்போதுதான். மோடம் இருக்கும் கூடத்தில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். "நெட் கம்பெனிக்காரன் சரியில்ல, விடு" என்று தோளைத் தட்டியதும் நீங்கள்தான். நானும் நாலு நாளாக அவர்களைப் போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வேலைக்குப் போகாதே என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதோடு போயிருக்கும்.

இன்டர்வியூவுக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். நேரிலேயே போகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது. நாலு மணிக்குப் பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள்.

பி.கு.: அவளிடம் லைன் கோளாறு என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.