நாலாம் படுக்கைக்கு எதிரே ஒரு கடல்

ஜூன் 9, திங்கள்

பேய்க் காற்று. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல். எடுத்துத் தந்த பெண்ணின் பெயர் தெரியாது. அல்லிநகரத்துக்கு வந்து ஒன்பது மாதம். இனிமேல் கேட்கவும் வெட்கம்.

உத்தமபாளையம் டயாலிசிஸ் சென்டரில் சுவரோவிய வேலை, முதல் நாள். முப்பதடிச் சுவர், எதிரே ஆறு படுக்கை. திங்கள், புதன், வெள்ளி இதே ஆறு பேர். அவர்கள் கையில் இரண்டு ஊசி, நாலு மணி நேரம் படுத்த படுக்கை. பார்க்க இந்தச் சுவர் மட்டும்.

மேனேஜர்: "நல்லா குளுகுளுன்னு ஏதாச்சும் போடுங்க மேடம்."

பதில் சொல்ல வாய் திறந்தேன், குரல் கரகரத்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

வாங்க: டேப், நீல பெயிண்ட் (பெரிய டப்பா, வாசமில்லாதது), முதுகுக்குத் தைலம்.

ஜூன் 11, புதன்

சாரல். பஸ் முழுக்க ஈரக் குடை.

மலைகளுக்கு நிறம் என் இஷ்டத்துக்குத்தான். மேகமலைக்கு ஊதா, கேரளப் பக்கத்து மலைக்கு மாம்பழ மஞ்சள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆட்கள் போல உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்குத் தலையில் துண்டு. அடிவாரத்தில் கடல். கரையோரம் சுரபுன்னைக் காடு, முழங்காலுக்குப் புடவையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நிற்கும் பெண்களாக. பிச்சாவரம் பக்கம் பதினெட்டு வருடக் குடித்தனம். அவர் அங்கேயே இருக்கிறார். பிரிந்து வந்த பின்னும் அந்த மரங்களைக் கை மறக்கவில்லை.

நாலாம் படுக்கை முத்தையா. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். நான் டிராயிங் டீச்சராக இருந்தவள் என்றதும் டீச்சரம்மா ஆக்கிவிட்டார்.

"டீச்சரம்மா, மேகமலைக்கு அடியில ஏது கடலு? அங்கன சின்னமனூருல்ல இருக்கு?"

"சின்னமனூரத் தூக்கிட்டேன் அண்ணே."

"எங்க மாமியார் வீடு அங்கனதான். நல்ல காரியம் பண்ணுனீக."

படுக்கை ஆறும் சிரித்தன. வீட்டுக்கு வந்து சோறு வைக்கும்போதும் சிரிப்பு. சொல்ல ஆள் இல்லை. அதனால் இங்கே.

ஜூன் 13, வெள்ளி

எட்டு மணிக்கே போய்விட்டேன். கடல் முடிந்தது. ஊதா மலையிலிருந்து வெள்ளையாக ஓர் அருவி, அதிலிருந்து வாய்க்கால். பிரமாதம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஆட்கள் வந்தார்கள். எடை பார்க்கும் இடத்தில் சிஸ்டர் முத்தையாவைத் திட்டுவது கேட்டது. "ரெண்டே முக்கால் கிலோ தண்ணி ஏத்திட்டு வந்திருக்கீக!"

"குழாயில வாய வச்சுட்டேன் தாயி. தாங்க முடியல."

படுத்ததும் சுவரைப் பார்த்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. ஏணியில் நின்றபடி பாட்டிலை எடுத்து மடக்மடக்கென்று குடித்தேன்.

சிஸ்டர் வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "மேடம், அவுக ஒரு நாளைக்கு அரை லிட்டருதான் குடிக்கலாம். காபி, ரசம் எல்லாம் அதுல சேத்தி."

அரை லிட்டர். என் பாட்டில் ஒரு லிட்டர்.

பிரஷ்ஷைக் கழுவக்கூடக் கூசியது. குழாயைத் திறந்தால் சத்தம் கேட்குமே.

ஜூன் 15, ஞாயிறு

தண்ணீரையெல்லாம் மூட வெள்ளை பெயிண்ட் வாங்கினேன்.

காலையிலிருந்து ஒரு சொட்டும் குடிக்காமல் இருந்து பார்த்தேன். பதினொன்றரைக்குத் தோற்றேன்.

போனில் வீட்டுக்காரர் எண்ணை எடுத்து வைத்திருந்தேன், வெகுநேரம். தப்புச் செய்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அழைக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

எல்லோருக்கும் ஊசி போட்டு மெஷின் ஓடத் தொடங்கியதும் நடுவில் நின்று சொல்லிவிட்டேன். "தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க. தண்ணி முழுக்க அழிச்சிடறேன்."

இரண்டாம் படுக்கை பாத்திமுத்து அக்கா, கம்பத்துக்காரர், இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், தலையைத் தூக்கினார். "கடல எதுக்கு அழிக்கிறீக? அது உப்புத் தண்ணி. யாரு குடிப்பா? அதப் பாத்தா எனக்குத் தாகமே எடுக்கல. அந்த அருவியத்தான் பாக்க முடியல ஆத்தா. சுருளியில நின்னு வாயத் தொறந்து குடிச்சது நெனப்பு வருது."

"ஆமா," என்றார் முத்தையா, சுவரைப் பார்க்காமலே. "அருவியும் வாய்க்காலும் போகட்டும். கடல் கெடக்கட்டும்."

ஊசி இல்லாத கையைத் தூக்கி ஓட்டெடுப்பு. ஐந்து கை. ஆறாமவர் தூக்கத்தில்.

அருவியை எப்படி மறைப்பது என்று யோசித்தேன். முத்தையா சொன்னார்: "அப்படியே ரோடாக்கிருங்க. ஜீப்பு ஏறட்டும்."

ஏறியது. மதியம் வரை அவர் சொல்லச் சொல்ல வளைத்தேன். "இந்தக் கொண்டை ஊசி இன்னும் இறுக்கமா வரும். ம், இங்கன ஹாரன் அடிக்கணும்."

ஜூன் 18, புதன்

ஜீப்புக்குப் பச்சை. உள்ளே பதினான்கு பேர், அவர் கணக்குப்படி. வேலை முடிந்தது. மேனேஜர் போட்டோ எடுத்தார்.

டப்பாக்களை மூடும்போது முத்தையா: "வெள்ளிக்கிழமை வருவீகளா?"

"வேலதான் முடிஞ்சிருச்சே அண்ணே."

"வேல இருந்தாத்தான் வருவீகளோ?"

டேப்பை உரிப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ்ஸில் கண்ணில் நீர். காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 20, வெள்ளி

துணி துவைத்தாயிற்று. அலமாரி அடுக்கியாயிற்று. மணி ஒன்பது. கொஞ்சம் டச்-அப் வேலை பாக்கி என்று சொல்லலாமென்று பிரஷ் ஒன்றைப் பையில் வைத்தேன். எடுத்துவிட்டேன். பஸ் ஏறினேன்.

சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நாலாம் படுக்கைப் பக்கம் நகர்த்திப் போட்டார். முத்தையா நல்ல தூக்கம்.

அவர்கள் பார்க்கும் உயரத்திலிருந்து சுவரை இன்றுதான் பார்க்கிறேன். மூன்றாவது மலை சாய்ந்திருக்கிறது. நின்றுகொண்டே வரைந்ததில் தெரியவில்லை. பக்கத்து மலையின் தோளில் தூங்கி விழுகிற மாதிரி. இருக்கட்டும்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண் விழித்தார்.

"எப்ப வந்தீக?"

"இப்பத்தான் அண்ணே."