மூன்றாம் எண் டிராமில் ஏழு பேர்

அக்டோபர் 9, புதன்

இன்று காலை மட்டும் நாற்பத்தோரு பேருக்கு இந்த நகரத்தைத் தானமாக வழங்கினேன். ஓட்டலுக்கு வருகிறவர் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டதும் நான் ஓர் அட்டையை நீட்டுவேன். தங்கியிருக்கும் வரை டிராம், பஸ், மலையடிவார ரயில் எல்லாமே அவருக்கு இலவசம். எந்த மன்னன் இப்படிக் கொடுத்தான்? பதினோரு வருடத்தில் இந்த ஓட்மார் கொடுத்த அட்டைகளை அடுக்கினால் தேவாலயக் கோபுரம் வெட்கப்பட்டுக் குனியும்.

லியோபா சிரிக்கிறாள். என் அண்ணன் மகள். இங்கே அறைகளைப் பெருக்குவதும் காலைச் சிற்றுண்டி போடுவதும் அவள் வேலை. என் பெருமையில் ஊசி குத்துவது உபதொழில்.

"ஒன்பது பேரு சித்தப்பா. நான் முட்டைய எண்ணித்தான் வேகவெச்சேன்."

சரி, ஒன்பது. ஆனால் ஒவ்வொருவரும் நாலு பேர் பருமன்.

அக்டோபர் 14, திங்கள்

நாள் முழுக்க மழை. ஐந்தாம் அறைக்கு ஓர் இங்கிலாந்துக்கார அம்மாள் வந்திருக்கிறார். ரோசலிண்ட் ஹார்ட்லி, எழுபத்திரண்டு வயது. இருப்பதிலேயே பெரிய அறை வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தார். நம் மொழியை நன்றாகவே பேசுகிறார், ஆனால் பழைய பேச்சு. பெட்டிக்குள் ஐம்பது வருடம் மடித்து வைத்துவிட்டு நேற்றுத்தான் வெளியே எடுத்த துணி மாதிரி.

படிவத்தில் 'உடன் வருபவர்' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருந்தார். கணவர் காரை நிறுத்தப் போயிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு அட்டை கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் டெலிபோன் மணி. நான் திரும்பியபோது ஆள் இல்லை.

கணவர் இன்னும் கண்ணில் படவில்லை. கணவர்களில் அதுதான் உயர்ந்த ரகம் என்று என் மனைவி சொல்வாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஒரு விஷயம். அந்த அம்மாள் வெளியே போகும்போது வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். தான் போவதில்லை. நின்றுகொண்டே இருக்கிறார், யாரோ ஒவ்வொருவராகக் கடந்து போவது போல. கடைசியில் கொஞ்சம் குனிந்து சிரிக்கிறார். அதன் பிறகுதான் தான் வெளியேறுகிறார்.

உள்ளே வந்த குளிரில் என் மீசை உறைந்து இரண்டு துண்டாக உடைந்து விழுந்தது. (சரி, விழவில்லை. ஆனால் குளிர் நிஜம்.)

"அஞ்சாம் நம்பர்ல எத்தனை பேரு சித்தப்பா?" என்றாள் லியோபா.

"இரண்டு."

"ஈரக் கம்பளிக் கோட்டு நாத்தம் அடிக்குது. ஒரு கோட்டு, ரெண்டு கோட்டு இல்ல. ஒரு பள்ளிக்கூடமே வந்து தொங்கவிட்ட மாதிரி. அலமாரியத் திறந்தா ஒண்ணுமில்ல."

அக்டோபர் 16, புதன்

மதியம் வெண்டலின் புயல் மாதிரி நுழைந்தான். என் மனைவியின் அண்ணன், டிராமில் டிக்கெட் பரிசோதகன். அவன் ஏறினால் டிக்கெட் வைத்திருப்பவனும் பையைத் தடவிப் பார்ப்பான்.

"மச்சான், நீ ஓட்டல் நடத்துறியா இல்ல நாடகக் கம்பெனி நடத்துறியா?"

"என்னடா ஆச்சு?"

"மூணாம் நம்பர் வண்டி, ஏரிப் பக்கம் போறது. ஒரே குடும்பம், ஏழு பேரு. பழைய காலத்துக் கோட்டு, ஆளுக்கொரு பெட்டி. டிக்கெட் கேட்டா ஒரே ஒரு கிழவரு மட்டும் அட்டையக் காட்டுறாரு. உன் ஓட்டல் அட்டை! மத்த ஆறு பேருகிட்ட ஒண்ணுமில்ல. எங்க தங்கியிருக்கீங்கன்னா உன் விலாசத்தச் சொல்றாங்க."

"எங்கிட்ட அப்படி யாரும் இல்லையே."

"கேளுடா. அபராதம் எழுதலாம்னு பேரு, பிறந்த வருஷம் கேட்டேன். கிழவரு ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொண்ணுங்கிறாரு. என் மிஷின்ல பட்டியலே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துலதான் ஆரம்பிக்குது! சின்னப் பொண்ணு முப்பத்தஞ்சுங்குது. மிஷின் எண்பத்தொன்பது வயசுன்னு காட்டுது, எதிர்ல முன்பல் விழுந்த குழந்தை நிக்குது. என்னைக் கிண்டல் பண்றாங்கன்னு கோவம் வந்துச்சு. இறங்குங்கன்னுட்டேன்."

"சண்டை போட்டாங்களா?"

"இல்ல. அதான் மச்சான். இருபத்தாறு வருஷத்துல யாரும் அப்படி இறங்கினதில்ல. ஒரு வார்த்தை பேசல. உடனே எழுந்து வரிசையா நின்னாங்க, பழக்கப்பட்டவங்க மாதிரி. அட்டை வெச்சிருந்த கிழவரும் கூடவே இறங்கிட்டாரு."

மிஷினில் பதிந்த பெயரைக் காட்டினான். ப்ளூமெனாவ்.

எங்கேயோ படித்த பெயர். எங்கே?

அக்டோபர் 17, வியாழன்

வெண்டலின் இன்று கத்தவில்லை. கத்தாத வெண்டலினை நான் பார்த்ததே இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஏழு பேரும் தண்டவாளத்தை ஒட்டி நடந்துபோகிறார்களாம். ஏரிப் பக்கம் இல்லை. எதிர்த்திசையில், ரயில் நிலையத்தை நோக்கி. மழையில், பெட்டியோடு.

"வண்டி அவங்களத் தாண்டிப் போகுது மச்சான். கண்ணாடி வழியாப் பார்த்தேன். அடுத்த நிறுத்தம் வருது. அங்க முன்னால நடந்துக்கிட்டிருக்காங்க. திரும்பத் தாண்டுறோம். திரும்ப முன்னால. டிரைவர்கிட்ட சொன்னேன். யாருமே இல்லையே, லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போன்னாரு."

"நேத்து எந்த இடத்துல இறக்கிவிட்ட?"

"சந்தை நிறுத்தம். இன்னைக்குத் தபாலாபீஸ் வந்துட்டாங்க."

அங்கிருந்து பாலம். பாலத்துக்கு அப்புறம் ரயில் நிலையம்தான்.

கேலி செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். கேலிக்குப் பதில் காப்பி ஊற்றி அவன் முன்னால் வைத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஓட்டல் வாசலில், நடைபாதையில், போர்க்காலத்தில் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவாக, உள்ளங்கை அளவுப் பித்தளைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். ஏழு. பதினோரு வருடமாகத் தினமும் அவற்றைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறேன். இன்று மழையில் குனிந்து படித்தேன். 'இங்கே வாழ்ந்தார்' என்று ஆரம்பித்து, பெயர், பிறந்த வருடம். ஸாலி ப்ளூமெனாவ், 1871. ரேஷா. யூலியுஸ். ஃப்ளோரா. குர்ட். ஹானெலோரே. கடைசியில் மிர்யாம், 1935. எல்லாருக்கும் கீழே அதே வரி: 1942இல் நாடு கடத்தப்பட்டு, கொல்லப்பட்டார்.

இந்த வீடு அவர்களுடையது. நான் அட்டை கொடுக்கும் இடம் அவர்களுடைய கூடமாக இருந்திருக்கும்.

என் தாத்தா இதே தெருவில் ரொட்டி சுட்டவர். அவர்களைக் கொண்டுபோன காலையில் அவர் கடையைத் திறந்து வைத்திருந்தாரா, கதவைச் சாத்திக்கொண்டாரா? ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஹார்ட்லி அம்மாளின் படிவத்தைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"அம்மா, இந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"ஏழு."

"இது ஒண்ணு."

"ஏழுங்க."

"குறுக்குக் கோடு எங்கம்மா?"

"எங்க ஊர்ல குறுக்குக் கோடு போடறதில்லையே."

இந்த நாட்டில் முதல் வகுப்பிலிருந்து ஒன்றுக்கு நீளமாகக் கொம்பு வைக்கிறோம், ஏழின் இடுப்பில் கோடு போடுகிறோம். கோடு இல்லாவிட்டால் அது எங்களுக்கு ஒன்று. சந்தேகமே வராது. ஒரு கோடு இல்லாததால் ஆறு பேரை மழையில் இறக்கிவிட்டிருக்கிறோம்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. அதையும் எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

"இந்த வீட்டுல எங்கம்மா மட்டும்தான் தப்பிச்சாங்க. பதிமூணு வயசுல, யூதக் குழந்தைகளக் காப்பாத்த விட்ட ரயில்ல இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க. போன குளிர்காலம் தவறிட்டாங்க. கடைசி வரைக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் மூணாம் நம்பர்ல ஏறி, கடைசி நிறுத்தம் ஏரிக்குப் போவோம்னு. அப்புறம் யூதருங்க டிராம்ல ஏறக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. நாடு கடத்தின அந்தக் கடைசி நாள்கூட ரயிலடி வரைக்கும் அவங்க நடந்துதான் போனாங்க."

"இப்ப... உங்ககூட வந்திருக்காங்களா?"

"என்கூட யார் வர்றாங்கன்னு உங்க படிவம் கேட்டுச்சு. உண்மைய எழுதினேன். அன்னைக்கே அட்டை குறையுதேன்னு கேட்கப் பார்த்தேன். நீங்க டெலிபோன் பக்கம் திரும்பிட்டீங்க." கையுறையை விரல் விரலாகச் சரிசெய்தார். "புதன்கிழமை நான் ஆவணக் காப்பகத்துல இருந்தேன். முன்னால போங்க, பின்னாலயே வந்துடறேன்னு அவங்களை அனுப்பினேன். திங்கள் காலையில நான் கிளம்பணும். அதுக்குள்ள ஒரு தடவை ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிடணும். இன்னொரு தடவை அந்த ரயிலடிக்கு அவங்க போகக் கூடாது."

மாலையில் வெண்டலின் டெலிபோன் செய்தான். "பாலத்து மேல வந்துட்டாங்க மச்சான்."

அக்டோபர் 19, சனி

கம்ப்யூட்டர் 1871ஐ ஏற்கவில்லை. 'பிழையான வருடம்' என்றது. பிழையான வருடம் எது என்று அதனோடு கொஞ்ச நேரம் வாதாடினேன். லியோபா எட்டிப் பார்த்துவிட்டு, கிண்டல் செய்யாமல் போனாள்.

மின்சாரம் போனால் பயன்படுத்த, முத்திரை குத்திய வெற்று அட்டைகள் மேசை இழுப்பறையில் உண்டு. அதில்தான் எத்தனை முறை சீட்டாட்டக் கூட்டாளிகளுக்குக் கள்ளத்தனமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்! ஒருவனை நார்வே நாட்டு இளவரசனாக்கினேன்.

இன்று ஏழு எழுதினேன், பதிவேட்டிலும் ஐந்தாம் அறைக்கு அந்த ஏழு பெயரைச் சேர்த்தேன். பிழையில்லாமல், வாசல் கல்லில் இருக்கும் எழுத்து மாறாமல். மிர்யாம் ப்ளூமெனாவ் என்பதை மட்டும் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. முதல் அட்டை நனைந்துவிட்டது.

ஏழையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். காப்பி எடுக்க உள்ளே போனேன். நாற்பது நொடி, நிஜமாகவே நாற்பது. திரும்பியபோது மேசை காலி. பலகையில் ஏழு இடத்தில் ஈரம். கடைசி ஈரம் மேசையின் விளிம்பில், எட்டாத கை எட்டிப் பிடித்தது போல.

வாசற்கதவு அப்போதுதான் மெதுவாக மூடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

வெண்டலின் வேறொருவனிடம் முறையை மாற்றிக்கொண்டு வந்தான். நானும் ஏறினேன். காலை பத்தரை, ஏரிக்குப் போகும் மூன்றாம் எண். மழை விட்டிருந்தது.

ஹார்ட்லி அம்மாள் நடுவில் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி ஏழு இருக்கைகள் காலி. என் கண்ணுக்குக் காலி. சந்தையில் கூட்டம் ஏறியது, நின்றுகொண்டே வந்தார்கள். ஒருவர்கூட அந்த ஏழில் உட்காரவில்லை. தடிமனான ஓர் ஆள் உட்காரப் போனார், பாதி குனிந்தவர் "மன்னிக்கணும்" என்று நிமிர்ந்தார். யாரிடம் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை.

வெண்டலின் எழுந்தான். உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டான். எல்லாரிடமும் கேட்பது போலவே கேட்டான்.

"டிக்கெட் காட்டுங்க."

முதல் இருக்கை முன் கை நீட்டினான். பார்த்தான். "நன்றி ஐயா. நல்ல பயணம்." அடுத்தது. "நன்றிம்மா. நல்ல பயணம்." ஓர் இருக்கையையும் விடவில்லை. ஏழாவது இருக்கை வந்ததும் முழங்காலை மடித்துக் கீழே உட்கார்ந்தான்.

"நன்றி கண்ணு. அன்னைக்கு மாமா கத்திட்டேன், இல்ல? இன்னும் ஒரு பல்லு ஆடுதா? எங்க, காட்டு."

பக்கத்துக் கண்ணாடியில், சின்ன வாய் அளவுக்கு ஆவி படிந்தது. படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் கதவு மூடவில்லை. டிரைவர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "கதவுல யாரோ நிக்கிற மாதிரியே காட்டுதே!" பிறகு தானாக மூடியது. ஹார்ட்லி அம்மாள் ஏரிக்கரையை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் போகவில்லை. அது எங்கள் இடமில்லை.

மாலை நாலு மணிக்கு அவர் திரும்பினார். வாசற்கதவைத் திறந்தார். நேராக உள்ளே வந்தார். கதவு உடனே மூடிக்கொண்டது.

"தனியா வந்துட்டீங்களா?" என்றேன்.

"அவங்களுக்குக் கிளம்ப மனசில்ல. விட்டுட்டு வந்தேன்."

அக்டோபர் 21, திங்கள்

காலை எட்டரைக்கு ஹார்ட்லி அம்மாள் கிளம்பினார். கை கொடுத்தார். அந்தப் பழைய பேச்சில் ஏதோ சொன்னார். எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

வெண்டலின் தினமும் பாலத்தைப் பார்க்கிறானாம். யாரும் நடக்கவில்லை.

முதலாளி அம்மாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஓட்மார், அஞ்சாம் அறையில எட்டுப் பேருன்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தருக்குத்தான் கிளம்பின தேதி இருக்கு. மத்த ஏழு பேரு எப்பக் கிளம்பினாங்க?"

"கிளம்பலம்மா."

"அப்ப எங்க இருக்காங்க?"

ஆயிரம் கதை சொல்லியிருக்கலாம். என்னிடம் கதைக்கா பஞ்சம்?

"அவங்க இந்த ஊருக்காரங்கம்மா" என்றேன்.

முதலாளி அம்மாள் பதிவேட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். கிளம்பிய தேதிக்கான ஏழு கட்டமும் அப்படியே காலியாக இருக்கிறது.