உயிரோடு இருப்பவனுக்கு ஒன்பது நாள்

அக்டோபர் 14, 1899. உமாத்தாக்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கோயில்பிள்ளை பல்பினோ எழுதுகிறான். எங்கள் தீவுக்குப் புதிதாக வந்த அமெரிக்கக் கவர்னர் விடியற்காலக் கோயில் மணியை நிறுத்தியதிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. எழுதுவதை வெளியே விடமாட்டேன் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறான். பார்ப்போம்.

இன்று ஊர்த்தலைவர் புதுக் கட்டளை படித்தார். கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் இருப்பவர்கள் நவம்பர் மூன்றுக்குள் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தண்டனை, பிரித்தும் வைப்பார்கள்.

"சிரியாக்கோ அண்ணே, மாப்பிள்ளைச் சட்டை தைக்கக் குடுத்தாச்சா?" என்று ஆற்றங்கரையில் ஒரே சிரிப்பு. எனக்கு வரவில்லை. ருஃபினாவும் நானும் முப்பத்தோரு வருடம். எங்களால் செய்துகொள்ள முடியாதே.

அக்டோபர் 15

தூக்கமில்லை.

அக்டோபர் 17

ருஃபினாவின் புருஷன் இலாரியோன். கல்யாணமாகி நாலே மாதத்தில், 1861-இல், திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறிப் போனான். வரவும் இல்லை, செத்தான் என்ற சேதியும் இல்லை. அதனால் எந்தச் சாமியாரும் எங்களைச் சேர்த்து வைக்கவில்லை. இப்போது அமெரிக்கர்கள் சாமியார்களையே கப்பலேற்றிவிட்டார்கள்.

ஊர்த்தலைவர் வழி சொன்னார். "அக்கா, செத்தவங்களுக்குச் சொல்ற ஒம்போது நாள் செபமாலைய அவனுக்கு வச்சிரு. ஊரே வந்து சொல்லட்டும். செபமாலை முடிஞ்சா அவன் செத்தவன்தான். ஆபீஸ்ல நாங்க சாட்சி சொல்றோம்."

ருஃபினா முறத்தை எடுத்தாள். "முப்பத்தெட்டு வருஷமா அத வைக்காமத்தான் அவன உயிரோட வச்சிருந்தேன்" என்றாள். பிறகு அரிசி புடைக்கப் போனாள். சம்மதம்தான்.

அக்டோபர் 20

பல்பினோ, கதவைச் சாத்து.

1869-இல் தண்ணீர் பிடிக்க ஒரு கப்பல் வந்தது. அதிலிருந்த மாலுமி ஒருவன் என்னிடம் சொன்னான்: "இடது காது கிழிஞ்ச உங்க ஊர்க்காரன் ஒருத்தன் ஹொனலுலு துறைமுகத்துல மூட்டை தூக்கறான். இலாரியோன்னு பேரு. பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க."

ருஃபினா என் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருடம். நான் அதை அவளிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

பல்பினோ பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "அடப்பாவி!" என்கிறான். அதையும் எழுதுடா என்றேன்.

அக்டோபர் 24

செபமாலை, இரண்டாம் நாள். மதியமும் மாலையும் வீடு கொள்ளாத கூட்டம். இலாரியோனின் ஆன்மா இளைப்பாறட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவன் இன்னும் இருந்தால்? இத்தனை வாய் சேர்ந்து அவனைக் குழிக்குள் தள்ளாதா? சொன்னால் கல்யாணம் இல்லை, அவளும் இல்லை. சொல்லாவிட்டால் –

அக்டோபர் 28

ருஃபினா அழுகிறாள். வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றும்போதுகூட. எனக்காக அவள் இப்படி அழுததில்லை. பொறாமைப்படுகிற வயதா இது?

அக்டோபர் 30

ருஃபினாவிடம் சொல்லிவிட்டேன்.

ஈரப்பலாக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"எந்த வருஷம்?"

"அறுபத்தொம்போது."

"அந்தக் கப்பலுக்கு நானும்ல தண்ணி சுமந்தேன்."

"சொன்னா நீ போயிடுவியோன்னு…"

"எங்க போவேன்? அந்தப் பொம்பள வீட்டுக்கா? மரமண்ட!"

ஈரப்பலா முழுவதையும் சீவி முடித்தாள்.

அக்டோபர் 31

ஒன்பதாம் நாள். செபத்துக்கு வரமாட்டாள், வந்தாலும் ஊர் முன்னால் போட்டு உடைப்பாள் என்று அடுக்களையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். முன்வரிசையில் முழந்தாளிட்டாள். அவன் பெயரைக் குரல் ஆடாமல் சொன்னாள். இன்று அழவில்லை.

நவம்பர் 4

நேற்று தலைநகர் அகான்யாவில் கல்யாணம் முடிந்தது. சாட்சிக்கு ஊர்த்தலைவரும் பல்பினோவும். சத்தியம் செய்தபோது பல்பினோ என் பக்கம் திரும்பவே இல்லை.

"விதவையா?" என்று குமாஸ்தா கேட்டார்.

"ஆமா" என்றாள். நான் அறிய, அவள் வாயில் வந்த முதல் பொய்.

தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி வந்திருந்தாள். அமெரிக்க அதிகாரி மணப்பெண்ணைப் பார்த்து விழித்தார். பிறகு சிரித்து எங்கள் இருவரின் கையையும் குலுக்கினார்.

திரும்பும்போது மாட்டுவண்டியில் மெல்லக் கேட்டேன்: "இந்தத் துக்கக் கறுப்பு ஒரு வருஷத்துக்கா? இலாரியோனுக்கா?"

"அவனுக்கு எதுக்கு? அவன்தான் நல்லா இருக்கானே" என்றாள். பிறகு என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து, வண்டிக்காரனிடம் மாட்டுக்கு என்ன வயசு என்று கேட்டாள்.