சங்கு ஊதிய பிறகு

அன்புள்ள அப்பாவுக்கு,

"நம்ம வீட்ல பட்டம் வாங்குனவ நீதான், சனிக்கிழமை நெடுநடைக்குப் போக வேணாம்னு அம்மாவுக்கு எடுத்துச் சொல்லித் தடு" என்று போனில் சொன்னீர்கள். எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

இதயத்தில் உலோக வால்வு வைத்துக்கொண்டு ஆக்லாந்து மருத்துவமனையிலிருந்து நம் தீவுக்குத் திரும்பியபோது அம்மாவால் தேவாலயம் வரைகூட நடக்க முடியவில்லை. நீங்கள் அப்போது ஆஸ்திரேலியத் தோட்ட வேலையில் இருந்தீர்கள்; குறையாகச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் தூரத்தைக் கூட்டினாள்.

நேற்று நானும் அம்மாவும் அடுத்த ஊர்வரை நடந்துவிட்டுத் திரும்பும்போது மாலைப் பிரார்த்தனைக்குச் சங்கு ஊதிவிட்டார்கள். அதன்பின் பிரார்த்தனை முடியும்வரை யாரும் நடக்கக்கூடாதே. சாலைக் காவலில் நின்ற சியாகி மாமா, "லாங்கி அக்கா, உக்காரு. உனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றார்.

"நீ தூக்கிவிடுறதா இருந்தா உக்கார்றேன்" என்று அம்மா ஈரப்பலா மரத்தடியில் அமர்ந்தாள்.

ஊரே அடங்கியது. டிக், டிக் என்று ஒரு சத்தம்.

"யாரு வாட்ச்சு இது?" என்று மாமா கிசுகிசுத்தார்.

அம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மாமா அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

வீட்டு இரைச்சலில் நான் அந்த வால்வின் சத்தத்தைக் கேட்டதே இல்லை, அப்பா. அவ்வளவு தூரம் நடந்த பிறகும் அது கொஞ்சமும் தடுமாறவில்லை.

சனிக்கிழமை நெடுநடைக்கு டாக்டர் சம்மதித்துவிட்டார். நானும் பெயர் கொடுத்துவிட்டேன். புறப்படும் முன் உங்களுக்குப் போன் செய்கிறேன். ஒன்றும் பேச வேண்டாம். போனை அவள் நெஞ்சில் வைக்கிறேன், கேளுங்கள்.

உங்கள் மகள்