நன்றிக்குரிய பன்னிரண்டு பேர்

பிப்ரவரி 9

அன்புத் தங்கை குட்டிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணியின் முழங்கால் மட்டும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறது.

நம் குடும்ப வரலாறு ஒருவழியாக முடிந்தது. ஏழு தலைமுறை, நூற்றுப் பதினான்கு பக்கம். நன்றியுரை மட்டும் பாக்கி. பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய படங்கள் தந்த பெரியப்பா மகன், கல்யாணப் பத்திரிகைகளைப் பாதுகாத்த மாமா, தேதிகளை நினைவில் வைத்திருந்த சின்ன அத்தை என்று பதினொரு பேர். பன்னிரண்டாவது நீ. ‘ஆவணக் காப்பகத்தில் சில குறிப்புகள் எடுத்து உதவிய என் தங்கை’ என்று எழுதியிருக்கிறேன். யாராவது விட்டுப்போயிருந்தால் சொல்லிவிடு. நம் ஆட்கள் சோறு போடாவிட்டால்கூடப் பொறுப்பார்கள், பெயர் போடாவிட்டால் பொறுக்கமாட்டார்கள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

பட்டியலைப் பார்த்தேன். மாமா எதையும் பாதுகாக்கவில்லை. அவர் வீட்டுப் பரணில் கிடந்த பத்திரிகைகளை நான்தான் தூசி தட்டி எடுத்தேன். அவர் ஏணியைப் பிடித்தார். இருக்கட்டும், போடு. ‘சில குறிப்புகள்’ என்கிறாயே, இரண்டு வருடம் செவ்வாயும் வியாழனும் காப்பகத்தில் உட்கார்ந்து, கரையான் மிச்சம் வைத்த பதிவேடுகளைப் படித்து ஒன்பது நோட்டு நிரப்பினேன். குறையாகச் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு வெளியே நான் இருந்ததே அந்த மூன்று மணி நேரம்தான். ஆராய்ச்சி முடிந்தது என்கிறாய். என் செவ்வாயும் வியாழனும் அதோடு முடிந்தன. போன வாரம் காய் வாங்கப் போய் இருபது நிமிடம் தாமதமானதற்கு அப்பா வாசல் கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

இன்னொன்று. காப்பகத்து மேலாளர் அம்மா என் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, தலைமைக் காப்பகத்தில் பழைய கையெழுத்தைப் படித்து அட்டவணை போட ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். ஒரு வருட வேலை. இங்கிருந்து ரயிலில் எட்டு மணி நேரம். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். நாற்பத்தாறு வயதில் ஒருவர் என்னை ‘வா’ என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு வருடம் மட்டும் அப்பாவை நீ பார்த்துக்கொள்வாயா?

அன்புடன்,
குட்டி


மார்ச் 8

அன்புத் தங்கைக்கு,

வேலை உன்னைத் தேடி வருகிறதென்றால் எனக்குப் பெருமை இல்லையா? ஆனால் நீயே யோசித்துப் பார். எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் வாரத்தில் மூன்று நாள் ஓடாது. அண்ணியின் கால் நிலைமை உனக்கே தெரியும். அப்பாவுக்கும் உன் குரல் கேட்காவிட்டால் தூக்கம் வராது. அடுத்த வருடம் நிதானமாகப் பேசுவோம்.

ஒரு சந்தேகம். தாத்தா வம்சக் குறிப்பு எழுதிவைத்த நோட்டில் நாலு தலைமுறையாக, தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு, கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘வீட்டோடு’ என்று இருக்கிறதே? நல்ல சொல். புத்தகத்து வம்சாவளிப் படத்தில் உன் கட்டத்தில் அந்த இடம் காலியாகக் கிடப்பது பார்க்க நன்றாயில்லை. அங்கேயும் அதையே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

உன் அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

போடாதே.

அப்படி நான்கு பெண்கள் இருக்கிறார்கள். நான்கு பேரையும் பதிவேட்டில் தேடினேன். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவைக்கப்பட்டவர்கள். பிறந்த வீட்டு எண்ணும் இறந்த வீட்டு எண்ணும் ஒன்றுதான். ஒருத்திக்குப் பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவே வந்திருக்கிறது. அனுப்பவில்லை. யாரும் அவர்களைக் கட்டிப்போடவில்லை அண்ணா. எல்லோரும் பாராட்டிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாமேல் பாசமில்லை என்று நினைத்துவிடாதே. அவர் கூப்பிட்டால் ஓடுகிறேன். ஓடும்போதே மூச்சு முட்டுகிறது. என் கட்டம் காலியாகவே இருக்கட்டும். ஜூனுக்கு என்ன வழி என்று மட்டும் எழுது.

குட்டி


ஏப்ரல் 27

அன்புத் தங்கைக்கு,

புத்தகம் அச்சாகிவிட்டது! இருநூறு பிரதி. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. உன் கடிதம் வருவதற்குள் அந்தப் பக்கம் அச்சுக்குப் போய்விட்டது, அதனால் ‘வீட்டோடு’ இருந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அதற்கு ஈடாக நன்றியுரையில் உன்னைப் பற்றிய வரியை மாற்றிவிட்டேன். ‘தந்தையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்து, கடைசிவரை அவரைவிட்டு அகலாதிருக்கும் என் அருமைத் தங்கை.’ மாமா படித்துவிட்டு போனிலேயே அழுதார். இந்தக் காலத்தில் இப்படியொரு பெண்ணா என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

ஜூன் விஷயம். இவ்வளவு பேர் படித்த பிறகு நீ கிளம்பினால் உனக்கே ஒரு மாதிரி இருக்காதா?

உன் அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணா,

புத்தகம் கிடைத்தது. அட்டை அழகு. சின்ன அத்தை கூப்பிட்டு, எனக்குச் சொர்க்கத்தில் தனி அறை காத்திருக்கிறது என்றார். அங்கேயும் அறைதானா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நன்றியுரையை நாலு தடவை படித்தேன். பன்னிரண்டு பேர். வருடத்துக்கு மாதமும் பன்னிரண்டு. பட்டியலில் என்னை அடித்துவிட்டு உன்னைச் சேர்த்தேன். மற்ற பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதி, செய்த உதவிக்கு நன்றி சொல்லி, அப்பாவோடு ஒரு மாதம் வந்து இருக்க முடியுமா என்று கேட்டேன். பெரியப்பா மகன் ஆகஸ்டில் வருகிறார். சின்ன அத்தை அக்டோபரில் பதினைந்து நாள் வருகிறார். என் கடிதம் கிடைக்கவேயில்லை என்று மாமா பதில் போட்டிருக்கிறார். மற்றவர்களிடம் நீ பேசிக்கொள். ஜூன் உன்னுடையது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: “நீ போனா நான் யாரைக் கூப்பிடுறது?”

“அண்ணனைக் கூப்பிடுங்கப்பா. அண்ணனுக்கும் ரெண்டு காது இருக்கு.”

அழுதார். நானும் அழுதேன். கட்டிய பெட்டியைப் பிரிக்கவில்லை.

எந்த மாத்திரை எப்போது என்று எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். வெள்ளை மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் ஒளித்துவைப்பார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்.

மே 31, காலை பத்தேகாலுக்கு என் ரயில். எதிர்வீட்டுத் தையல்கார அக்காவை உனக்குத் தெரியாது. நான் காப்பகத்துக்குப் போன நாளெல்லாம் அப்பாவோடு இருந்தவர் அவர்தான். உன் பட்டியலில் இல்லை. அன்றைக்கும் அவரே வந்து இருக்கிறேன் என்றிருக்கிறார். ஆறு மணிக்கு அவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

தங்கை